82 லட்சம் சொல்கிறார்கள், மாதக்கணக்கில் விற்கவும் இல்லை: மடிப்பாக்கம் பக்கம் பழைய ஃபிளாட்டின் நிஜ விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாடகைக்காரன்:

தேடுவது 2 படுக்கையறை ரீசேல் ஃபிளாட். மடிப்பாக்கம், நங்கநல்லூர், கீழ்க்கட்டளை வட்டாரம். கையில் 25 லட்சம், மீதி வங்கிக் கடன்.

இப்போது பேச்சில் இருப்பது 2007இல் கட்டியது. 980 சதுர அடி, யூ.டி.எஸ். (மனையில் பிரிக்காத பங்கு) 480 சதுர அடி, ஸ்டில்ட்டில், அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தில், ஒரு கார் நிறுத்தம். கேட்பது 82 லட்சம். விளம்பரத்தில் ‘நெகோஷியபிள்’ என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் 80க்குக் கீழே பேச்சே எடுக்க முடியவில்லை. அதே வீட்டை நாலு புரோக்கர்கள் நாலு விலைக்குப் போட்டிருக்கிறார்கள். ‘மெட்ரோ வருது சார்’ என்பதுதான் எல்லாருக்கும் ஒரே பதில். வங்கியின் மதிப்பீட்டாளர் இந்த மாதிரி வீட்டுக்கு 65 லட்சத்தைத் தாண்ட மாட்டார் என்று வங்கியிலேயே சொல்கிறார்கள்.

விற்காமல் கிடந்தும் ஏன் இறங்க மாட்டேன் என்கிறார்கள்? அக்கம்பக்கத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று பார்க்க வழி உண்டா? 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் 75க்கு முடிக்கலாம் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார், அதில் என்ன சிக்கல்?

செங்கல்சூளை:

பொதுப் பகுதியையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் சதுர அடி விலையை முதலில் மறந்துவிடுங்கள். பழைய ஃபிளாட்டில் நீங்கள் வாங்குவது இரண்டு பொருள். ஒன்று மண், அது ஏறும். இன்னொன்று கட்டடம், அது தேயும். தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அந்தத் தெருவில் காலி மனை சதுர அடி 8,000 என்று வையுங்கள். நிஜ எண்ணை அதே தெருவில் மனை விற்றவரிடமோ சின்ன பில்டரிடமோ கேளுங்கள், ஃபிளாட் புரோக்கரிடம் கேட்காதீர்கள். 480 × 8,000 = 38.4 லட்சம். இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,500 ஆகும் என்றால் 980க்கு 24.5 லட்சம். கட்டடத்தின் ஆயுளை 60 வருஷம் என்று எடுத்தால், 18 வருஷத்துக்கு 30 சதவீதம் கழியும். மீதி 17.15 லட்சம். மொத்தம் 55.5 லட்சம். அதற்கு மேல் கேட்கும் 26 லட்சத்துக்கு அவர் காரணம் காட்ட வேண்டும். கார் நிறுத்தம், கிழக்குப் பார்த்த வாசல், மர வேலை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

இன்னொன்று. 980 என்பது பொதுப் பகுதியையும் சேர்த்த கணக்காகத்தான் இருக்கும். டேப் எடுத்துப் போய் அறை அறையாக அளந்தால் 700, 720 சதுர அடி கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் புழங்கும் இடம், தேறும். 82 லட்சத்தை அதால் வகுத்தால் சதுர அடி 11,000ஐத் தாண்டுகிறது. விற்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் சுருதி மாறும்.

பத்திரப்புழு:

நிஜ விலை பார்க்க வழி உண்டு, அதுவும் இலவசமாக. பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். ஃபிளாட் எண் தேவையில்லை, கிராமம், சர்வே எண், உட்பிரிவு இருந்தால் போதும். பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தை மட்டும் புரோக்கரிடம் கேளுங்கள், பெயரை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. அந்த சர்வே எண்ணுக்குப் போட்டால் அந்த வளாகத்தில் கைமாறிய ஃபிளாட்டுகள் எல்லாம் வரிசையாக வரும். அதே தெருவின் மற்ற சர்வே எண்களையும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் வந்ததை அப்படியே நம்பக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். இங்கே சந்தை மதிப்பு என்பது அரசு வழிகாட்டி மதிப்பை வைத்துப் போட்டது. இரண்டும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்தால், முத்திரைத் தீர்வைக்காக எழுதிய விலை அது. ஒதுக்கிவிடுங்கள்.

கைமாற்றுத் தொகை அதிகமாக இருக்கும் பதிவுகளை எடுங்கள். கிரயப் பத்திரத்தின் எண்ணுக்கு அடுத்த எண்ணிலேயே, அதே நாளில், ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு ஆவணம்’ என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். வாங்கியவர் வீட்டுக்கடன் போட்டதன் அடையாளம் அது, கடன் தொகையும் அதிலேயே இருக்கும். கிரயம் 58 லட்சம், கடன் 46 லட்சம் என்றால் 79 சதவீதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு 80 சதவீதம். அதாவது வாங்கியவர் கடனை உச்சம் வரை இழுத்திருக்கிறார், மறைவாகப் பெரிய தொகை கொடுக்க அவரிடம் வசதி இருந்திருக்காது. அந்த 58ஐ நிஜ விலைக்குப் பக்கத்தில் வைக்கலாம். கிரயம் 45, கடன் 15 என்றிருந்தால் மேலே எவ்வளவு ரொக்கம் போனது என்று சொல்ல முடியாது. வருஷங்கள் கழித்துத் தனியாக வரும் ஒப்படைப்பு ஆவணம் அதே வீட்டின் மேல் பிறகு எடுத்த டாப்-அப் கடனாக இருக்கலாம், அதைச் சேர்க்காதீர்கள்.

கடந்த இரண்டு வருஷத்தில் இப்படி நம்பும்படியாக நாலைந்து பதிவுகள் தேறினால் போதும். விளம்பர விலையைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூணாவது மாடி:

செங்கல்சூளை சொன்ன கணக்கு அடிமட்டக் கோடு, சந்தை விலை இல்லை. யூ.டி.எஸ்.ஸைத் தனியாக வெட்டி எடுத்து யாருக்கும் விற்க முடியாது. கட்டடத்தை இடித்துக் கட்டும்போதுதான் அந்த மண்ணுக்கு முழு விலை. தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடிச் சட்டப்படி அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் போதும், ஆனால் 18 வருஷக் கட்டடத்தில் அந்தப் பேச்சு இப்போதைக்கு எழாது. மறுபக்கம், குடியேறத் தயாராக இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, காத்திருக்கும் காலத்தில் வாடகை இல்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. 55க்குக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள்.

ஏன் இறங்கவில்லை என்றால், விற்பவருக்கு வலி இல்லை. பெரும்பாலும் கடன் முடிந்த வீடு. வாடகை 20,000 வந்துகொண்டிருக்கும். 82 லட்சத்துக்கு அது வருஷம் 3 சதவீதம்கூட இல்லை, ஆனால் அவர் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. தெருமுனையில் புது பில்டர் போட்டிருக்கும் சதுர அடி விலையைத்தான் பார்க்கிறார். புரோக்கரும் விளம்பரம் கையை விட்டுப் போகக் கூடாது என்று ‘82 வரும் சார்’ என்று ஏற்றிவிட்டிருப்பார். இப்படிப்பட்டவரிடம் பேரம் பேசிப் பயனில்லை. வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தேதி நெருங்குகிறவர், பாகம் பிரிக்கக் காத்திருக்கும் வாரிசுகள், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் வெளிநாட்டுக்காரர் என்று நிஜமாகவே விற்க வேண்டிய ஆளைத் தேடுங்கள். முதல் பேச்சிலேயே ‘விற்று என்ன செய்யப் போகிறீர்கள்’ என்று கேளுங்கள். ‘நல்ல விலை வந்தா பார்க்கலாம்’ என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

மெட்ரோ விஷயம். மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகத்தான் வருகிறது, உண்மைதான். திட்டம் தெரிந்த நாளிலேயே அதை விலையில் ஏற்றிவிட்டார்கள். நிலையத்துக்கு நடக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்துக்கும் அதே ‘மெட்ரோ விலை’ சொல்வார்கள்.

தவணைக் கணக்கு:

உங்கள் 25 லட்சம் எவ்வளவு தாங்கும் என்று யாரும் போட்டுக் காட்டவில்லை. ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கி கணக்குப் போடும். 65 லட்சத்தில் 80 சதவீதம், 52 லட்சம் கடன். வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் வீதம் மாதம் 45,000 சொச்சம்.

75 லட்சத்துக்கு வாங்கினால்: விலையில் கைக்காசு 23 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 6.75 லட்சம், இதற்கு வங்கி கடன் தராது. புரோக்கருக்கு 1 சதவீதம் என்றால் 75,000. ஒப்படைப்பு ஆவணத்துக்குக் கடனில் அரை சதவீதம், 26,000, அதோடு பதிவுக் கட்டணம் 6,000. மொத்தம் 30.8 லட்சம். உங்களிடம் இல்லை. திருப்பிப் போட்டால் 25 லட்சம் முழுதும் கரையும் விலை 69.7 லட்சம். பெயின்ட், வயரிங், பாத்ரூம் வேலைக்கு 3 லட்சம் ஒதுக்கினால் 67. அதுதான் உங்கள் உச்சம், மெட்ரோ வந்தாலும் வராவிட்டாலும்.

புதுக் கட்டடத்துக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு விகிதம். 50 லட்சம் வரை 4 + 2, 3 கோடி வரை 5 + 2. அது பில்டரிடமிருந்து முதல் முறை வாங்குபவருக்கு. ரீசேலுக்கும் அதுவே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரொக்கம் வேண்டாம். 75இல் 12 ரொக்கம் போக 63க்குப் பத்திரம் போட்டால் கடன் 63இன் மேல்தான், 50.4 ஆகக் குறையும். ரொக்கமாகப் போகும் 12 லட்சத்துக்குக் கடனும் இல்லை, காகிதமும் இல்லை. நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 63 என்றுதான் கணக்கு, அந்த 12க்கும் சேர்த்து ஆதாய வரி கட்டுவது நீங்கள். வீடு விற்கும் பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அந்தப் பணத்தை வாங்கிய விற்பவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. விற்பவரிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் ரொக்கப் பேச்சை விட்டுவிடுவார்கள்.

வாடகைக்காரன்:

நன்றி. அதே தெருவில் இன்னொன்று 70க்கு வந்திருக்கிறது. உரிமையாளர் சில வருஷம் முன்பு காலமாகிவிட்டார். மனைவி, மகன், மகள். மகள் அமெரிக்காவில். அவசரமாக முடிக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு லட்சம் டோக்கன் கேட்கிறார்கள்.

பத்திரப்புழு:

விலை பேசலாம். டோக்கனுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடிருந்தாரா? இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயாருக்கும் சம பங்கு. அந்த அம்மா பிறகு தவறியிருந்தால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன என்று விட்டுவிட்டால் வங்கி வக்கீல் இதில்தான் நிறுத்துவார்.

மகள் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பவர் பத்திரம் வேண்டும். அது இந்தியா வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். டி.டி.எஸ்., அதாவது விலையிலிருந்து நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி, அந்த விஷயமும் உண்டு. மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருப்பதால் இங்கிருப்பவர்கள் பங்குக்கு 1 சதவீதம் பிடிக்க வேண்டும். மகள் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு அந்த 1 சதவீதம் செல்லாது, அதைவிடப் பல மடங்கு பிடிக்க வேண்டும். குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் அவர் முன்கூட்டியே சான்று வாங்கலாம். பிடிக்காமல் விட்டால் துறை தேடி வருவது உங்களைத்தான். இறந்தவருடைய மனைவியின் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செயலிழந்த பான் என்றால் 1 சதவீதம் 20 ஆகிவிடும்.

இதுவும் 2007 வாக்கில் கட்டியது என்றால் கிரயப் பத்திரத்தில் யூ.டி.எஸ். மட்டும்தான் இருக்கும், வீடு கட்டுமான ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் அசல், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் தந்த வரைபடம் இரண்டும் இல்லாமல் கடன் நகராது. வரைபடத்தில் 6 வீடு, நேரில் 8 வீடு என்றால் உங்கள் வீடு அந்த 6இல் ஒன்றா என்று பாருங்கள். எல்லா ஃபிளாட்டின் யூ.டி.எஸ்.ஸையும் வில்லங்கத்திலிருந்து கூட்டினால் மனையின் அளவைத் தாண்டக் கூடாது.

மூணாவது மாடி:

பழைய கடன் முடிந்த வீடு என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘ரசீது ஆவணம்’ பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கத்தில் பாருங்கள். கடனைக் கட்டிவிட்டு அதைப் பதிய மறந்தவர்கள் நிறைய. கடன் இன்னும் இருந்தால் உங்கள் வங்கி நேராக அவர்கள் வங்கிக்கே செலுத்தட்டும். முடித்த 30 நாளில் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒப்பந்தத்தில் கெடுவை 90 நாள் வையுங்கள், அமெரிக்க பவர் 45 நாளில் வந்து சேராது. ஆவணக் குறையால் வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுதும் இத்தனை நாளில் திரும்பும் என்ற வரியைச் சேருங்கள். வெறும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி டோக்கன் கொடுக்காதீர்கள், காசோலையாக, எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

ஏரிக்கரை:

காகிதமெல்லாம் சரி, ஸ்டில்ட்டைப் பாருங்க. மடிப்பாக்கம் பக்கம் ரோட்டு மேல ரோடு போட்டு நிறைய தெருவுல பழைய கட்டடத்தோட தரை ரோட்டைவிடத் தாழ்ந்து போச்சு. சம்ப், அதான் நிலத்தடித் தண்ணித் தொட்டி, அதோட மூடி ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருந்தா மழைத் தண்ணியோட சாக்கடையும் குடிக்கிற தண்ணியில கலக்கும். ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பிற்பாடு தூக்கி மாட்டியிருக்காங்களான்னு சுவத்துல பழைய ஆணி ஓட்டையைத் தேடுங்க. வெள்ளம் வந்துச்சான்னு கேட்டா யாரும் ஆமாம்னு சொல்ல மாட்டாங்க. சங்கத்துக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, லிஃப்ட் ரிப்பேர், மோட்டார் ரீவைண்டிங் செலவு எந்த மாசம்னு பாருங்க. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் ரெண்டுலயும் இருந்தா 70ல இருந்து எவ்வளவு குறைச்சுக் கேக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.