சார்ல்ஸ், கரோலின் இங்கல்ஸ்: உழைத்துப் பெற்ற நிலமா, அடுத்தவர் நிலத்தில் கட்டிய வீடா?

வளவன்:
அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்ல்ஸ் இங்கல்ஸ், கரோலின் தம்பதியின் வரலாற்றை ஒரு மாதமாகப் படித்துவருகிறேன். இவர்களின் இரண்டாவது மகள் லாரா பிற்காலத்தில் எழுதிய சிறுவர் கதைகளால்தான் உலகத்துக்கு இவர்களைத் தெரியும். ஆனால் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை கதையைவிடக் கடுமையானது. 1860இல் விஸ்கான்சினில் கல்யாணம். அப்புறம் கூண்டு வண்டியில் கன்சாஸ், மினசோட்டா, அயோவா என்று அலைந்து கடைசியில் டகோட்டாவுக்கு வந்தார்கள். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலம் கிடைக்கும்; ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்து காட்டினால் பட்டா. டகோட்டாவின் டி ஸ்மெட் ஊருக்குப் பக்கத்தில் 1880 பிப்ரவரியில் மனுப் போட்டவர்கள், 1886இல் அதை நிரூபித்துக் காட்டினார்கள். எத்தனையோ பேர் பாதியில் விட்டுப் போன மண் அது. யார் கையையும் எதிர்பார்க்காமல் நின்ற குடும்பம் என்றுதான் நான் சொல்வேன். கன்சாஸில் மட்டும் அரசாங்கமே விரட்டிவிட்டது.

கயல்விழி:
வளவன், கன்சாஸ் விஷயத்தில் நீங்கள் கதையைத்தான் வரலாறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1869இல் அவர்கள் வீடு கட்டிய இடம் ஓசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு ஒப்பந்தப்படி உரிய நிலம். யாரும் கேட்பாரற்ற புறம்போக்கு அல்ல. ஹோம்ஸ்டெட் சட்டம் அங்கே செல்லவே செல்லாது. 1870 மக்கள்தொகைக் கணக்கில் சார்ல்ஸ் பெயருக்கு நேரே நில மதிப்பு காலியாக இருக்கிறது. நிலம் ஓசேஜ் மக்களுடையது என்பதே அதற்குக் காரணம். அவர்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அத்துமீறி நுழைந்து நெருக்கியதால்தான் ஓசேஜ் மக்கள் 1870 செப்டம்பரில் நிலத்தை விற்றுவிட்டுத் தெற்கே போகச் சம்மதித்தார்கள். ஏக்கருக்கு 1.25 டாலர் விலை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஏற்பாட்டின்படி குடியேறியவர்கள் பணம் கட்டி அங்கேயே இருந்திருக்கலாம். யாரும் விரட்டவில்லை. விஸ்கான்சினில் அவர்களுடைய பழைய பண்ணையை வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை. அதனால் 1871இல் திரும்பிப் போனார்கள். அவ்வளவுதான்.

கோவை செந்தில்:
நான் வளவன் பக்கம். கயல்விழி சொல்லும் தகவல் சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலம் எப்படியும் குடியேறியவர்களுக்குத் திறந்துவிடப்படும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். அரசியல்வாதிகளும் ரயில் கம்பெனிகளும் அந்த நிலத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். கையில் கோடரியும் இரண்டு சிறு குழந்தைகளுமாக வந்த மனிதன் மேல் மொத்தப் பழியையும் ஏற்றுவது நியாயமா? அங்கே குடும்பம் முழுவதும் மலேரியாவில் படுத்தது. காப்பாற்றியவர் டாக்டர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். அந்தப் புல்வெளியில் பிழைத்திருப்பதே பெரும்பாடு.

கயல்விழி:
மொத்தப் பழியும் அவர் மேல் என்று நான் எங்கே சொன்னேன் செந்தில் அண்ணா? அவருக்கும் அதில் பங்கு உண்டு என்கிறேன். ஓசேஜ் வீடுகளிலும் இரண்டு சிறு குழந்தைகள் இருந்தார்கள்.

'யார் கையையும் எதிர்பார்க்காமல்' என்பதும் பொருந்தாது. மினசோட்டாவில் வால்நட் குரோவ் பக்கம் 1874இலும் 1875இலும் வெட்டுக்கிளி பயிரைத் தின்று தீர்த்தது. 1875 கடைசியில், பிழைக்க வேறு வழியே இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து, அரசு நிவாரண மாவு வாங்கியிருக்கிறார் சார்ல்ஸ். டகோட்டாவில் கைகொடுத்தது ரயில்பாதை வேலை. கண்பார்வை இழந்த மூத்த மகள் மேரியை அயோவாவின் பார்வையற்றோர் பள்ளியில் படிக்க வைத்தபோது கல்விச் செலவுக்கு டகோட்டா நிர்வாகம் உதவியது. 160 ஏக்கரும் அரசு கொடுத்ததுதானே?

கோவை செந்தில்:
மாவு வாங்கியதைக் குறையாகச் சொல்லாதீர்கள், மனசு கேட்கவில்லை. என் தாத்தா பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வரிசையில் நின்றவர். அதைப் பற்றி ஒரு நாளும் வீட்டில் பேசியதில்லை. வெட்டுக்கிளி தின்ற வயலை விட்டுவிட்டு, கூலிக்கு அறுவடை செய்யக் கிழக்கே நடந்தே போன மனிதர் சார்ல்ஸ். உதவி வாங்குகிறவன் உழைக்காதவன் ஆகிவிடுவானா?

கயல்விழி:
குறையாகச் சொல்லவில்லை. அந்த உதவியை மறைத்துவிட்டு 'சொந்தக் கால்' என்று பெருமை பேசுவதைத்தான் எதிர்க்கிறேன். உங்கள் தாத்தாவை நான் மதிக்கிறேன்.

மங்கை:
மூன்று பேரும் சார்ல்ஸையே சுற்றி வருகிறீர்கள். கரோலின் எங்கே?

அவருக்கு ஐந்து வயதானபோது அப்பா மிச்சிகன் ஏரியில் கப்பலோடு மூழ்கிப் போனார். வறுமையில் வளர்ந்து, படித்து, கல்யாணத்துக்கு முன்பே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சார்ல்ஸுக்கோ மேற்கே போய்க்கொண்டே இருக்க ஆசை. டி ஸ்மெட்டோடு அலைச்சல் நின்றதற்குக் காரணம் கரோலின். மகள்கள் ஓரிடத்தில் நிலையாக இருந்து படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1880–81 குளிர்காலத்தில் பனியால் மாதக்கணக்கில் ரயில் வரவில்லை. காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தில் கோதுமையை அரைத்து, புல்லை முறுக்கி விறகாக எரித்துப் பிழைத்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் அந்தச் சமையலறையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கயல் சொன்ன அந்த மாவு வாங்கிய நேரத்தில் அவர் கையில் பச்சைக் குழந்தை. 1875 நவம்பர் 1ஆம் தேதி பிறந்த ஒரே மகன், பெயர் சார்ல்ஸ் ஃபிரெடெரிக். அடுத்த ஆகஸ்டில், அயோவாவுக்குப் போகும் வழியில், ஒன்பது மாதத்தில் இறந்துவிட்டான். டி ஸ்மெட் நிலத்தில் சார்ல்ஸ் ஐந்து காட்டன்வுட் மரங்களை நட்டதாகச் சொல்வார்கள். மனைவிக்கு ஒன்று, நான்கு மகள்களுக்கு நான்கு. மகனுக்கு மரம் இல்லை. இந்த இடத்தில் எனக்கு வாதம் செய்யவே தோன்றவில்லை.

வளவன்:
மங்கை அக்கா, அந்தக் குழந்தையைப் பற்றி மகளின் கதைகளில் ஒரு வரிகூட இல்லை. நானும் தாண்டிப் போய்விட்டேன்.

கயல்விழி, கன்சாஸில் அரசாங்கம் விரட்டியது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். 'யார் கையையும் எதிர்பார்க்காமல்' என்பதையும் எடுத்துவிடுகிறேன். ஆனால் மரியாதையை விட மாட்டேன். அவர்கள் பேராசைக்காரர்களாக இருந்திருந்தால் நிலத்தைச் சேர்த்திருப்பார்கள். சேர்க்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பண்ணையை 1892இல் விற்றுவிட்டு, ஊருக்குள் சார்ல்ஸ் தன் கையால் கட்டிய வீட்டோடு இருந்துகொண்டார்கள். 1902இல் அவர் போன பிறகு, கரோலின் மேரியை வைத்துக்கொண்டு 1924 வரை அந்த வீட்டில்தான் வாழ்ந்தார்.

கயல்விழி:
அதை ஏற்கிறேன் வளவன். அவர்களுக்காவது நிலத்தை விற்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய முடிந்தது. ஓசேஜ் மக்களிடம் கேட்டபோது, அவர்களுடைய சோளக்காட்டில் ஏற்கெனவே வேறொருவர் வீடு இருந்தது.