ட்யூன் புத்தகத்தில் மூலையில் இருக்கும் பெயர்கள்: இவர்களெல்லாம் யார்?

ஆர்கன் மாணவன்
ஆறு மாதமாக ஆர்கன் பழகுகிறேன். ஆலயப் பாட்டுகளுக்கு நாலு பாகமும் (சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்) எழுதிய ட்யூன் புத்தகத்தைத் திறந்தால் பாட்டுக்கு மேலே 'நிசேயா', 'மெலித்தா', 'ஈவன்டைட்' என்று சம்பந்தமில்லாத ஒரு பெயர், பக்கத்தில் 8.6.8.6 என்று எண்கள், வலது மூலையில் ஓர் ஆளின் பெயர். சில இடங்களில் அந்த ஆளுக்கு முன்னால் 'அரேஞ்ச்டு பை' என்று வேறு போட்டிருக்கிறது. மெட்டு போட்டவருக்கும் அரேஞ்ச் செய்தவருக்கும் என்ன வித்தியாசம்? இவர்கள் இதையே தொழிலாக வைத்திருந்தார்களா? கேட்டால் "வாசிக்கிற வேலையைப் பார்" என்கிறார்கள், அதனால்தான் இங்கே வந்தேன்.

டெனர் வரிசை
பிரதர், முதலில் எண். ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்பதுதான் அது. 8.6.8.6 காமன் மீட்டர், நாலு எட்டு வந்தால் லாங் மீட்டர், 6.6.8.6 ஷார்ட் மீட்டர். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் வெறும் வரிகள்தான். அளவு ஒத்துப்போகும் எந்த மெட்டிலும் பாடிக்கொள்ளலாம், ஆகவே மெட்டுக்குத் தனியாகப் பெயர் தேவைப்பட்டது. 1861இல் 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' வரியையும் மெட்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துப் பரவலாகப் போன பிறகுதான் பல ஜோடிகள் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன.

பெயர்கள் சும்மா வைத்ததில்லை. 'தூய தூய தூயா' திரித்துவத்தைப் பற்றிய பாட்டு, எனவே ஜான் பேக்கஸ் டைக்ஸ் அதன் மெட்டுக்கு 325ஆம் வருஷம் நிசேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தை நினைத்து நிசேயா என்று வைத்தார். கடலில் போகிறவர்களுக்கான ஜெபப் பாட்டுக்கு அவர் போட்ட மெட்டு மெலித்தா. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் ஏறிப்போன கப்பல் உடைந்து கரை சேர்ந்த தீவு எது என்று பாருங்கள். 'செயின்ட் ஆன்' மெட்டு 1708இல் வந்தது. வில்லியம் கிராஃப்ட் அப்போது லண்டன் சோஹோவில் அதே பெயருள்ள ஆலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் ஒரு மெட்டுக்குத் தான் பிறந்த ஊரான டவுன் ஆம்ப்னியின் பெயரை வைத்தார், இன்னொன்றுக்கு 'சைனே நாமினே' என்று வைத்துவிட்டார். லத்தீனில் அதற்குப் பெயரில்லாதது என்று அர்த்தம்!

பழைய பாஸ்
அரேஞ்ச் விஷயத்துக்கு நான் வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் நிஜமான கதை இருக்கிறது. மூலையில் பெரிய பெயர் இருந்தால் அவர் உட்கார்ந்து அந்தப் பாட்டுக்கு எழுதினார் என்று நம்பிவிடாதீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் பெயரில் இருக்கிறதே 'ஹார்க் த ஹெரால்ட் ஏஞ்சல்ஸ் சிங்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு, அந்த இசையை அவர் 1840இல் அச்சுக்கலை விழாவில் கூட்டன்பெர்க்கைக் கொண்டாட எழுதினார், அது பக்திப் பாட்டுக்குப் பொருந்தாது என்று அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1855இல், வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆர்கனிஸ்ட் அதை எடுத்து சார்லஸ் வெஸ்லியின் வரிகளுக்குப் பொருத்தினார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டை நாம் இந்த ராகத்தில் பாடவே மாட்டோம், ஆனால் யாருக்காவது கம்மிங்ஸ் பெயர் தெரியுமா?

இன்னொன்று, ஜெர்மன் இசையமைப்பாளர் ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டுதான் பின்னால் சிலுவைப் பாடுகளின் பாட்டாகி, பாஹ் திரும்பத் திரும்ப ஹார்மனி எழுதும் அளவுக்குப் போனது. வெறும் மெட்டு ஒரே வரிதான், அதற்குக் கீழே ஆல்டோவும் டெனரும் பாஸும் எப்படி நகர்கின்றன என்பதில்தான் பாட்டின் குணமே மாறுகிறது. இப்படிப் பாகங்கள் எழுதுவதும், கம்மிங்ஸ் போல இருக்கிற மெட்டை வேறு வரிகளுக்குப் பொருத்துவதும்தான் அரேஞ்ச்.

ஆபத்தும் உண்டு. ஜெனீவாவில் பைபிளின் சங்கீதங்களுக்கு மெட்டமைத்த லூயி பூர்ஷ்வா, ஏற்கெனவே பழகிப்போன மெட்டுகளை அனுமதியில்லாமல் மாற்றினார் என்று 1551 டிசம்பரில் ஜெயிலில் போடப்பட்டார். அந்த ஊர்த் திருச்சபைத் தலைவர் கால்வின் தலையிட்டுத்தான் வெளியே வந்தார். இன்றும் க்வயரில் ஒரு சுரத்தை மாற்றிப் பாருங்கள், அதே மனநிலைதான்.

ஆர்கன் மாணவன்
அய்யோ, இவ்வளவு இருக்கிறதா! அப்படியென்றால் 'ஜாய் டு த வேர்ல்ட்' பாட்டின் 'அந்தியோகியா' மெட்டில் ஹேண்டல் பெயர் போட்டிருக்கிறதே, அதுவும் இப்படித்தானா?

பழைய பாஸ்
அதைவிட மோசம். 1836இல் அமெரிக்காவில் லோவல் மேசன் 'ஹேண்டலிடமிருந்து' என்று போட்டு அச்சடித்தார். ஆரம்பத்தில் ஹேண்டலின் 'மெசையா' என்ற படைப்பின் சாயல் இருக்கிறது, அவ்வளவுதான். முழு மெட்டும் ஹேண்டல் எழுதியதில்லை. மேசனுக்குச் சற்று முன்பே இங்கிலாந்தில் அச்சான தொகுப்புகளில் கிட்டத்தட்ட இதே மெட்டு இருந்தது. இதே மேசன் 1822இல் சவானாவில் பேங்க் வேலையில் இருந்தபோது தன் முதல் தொகுப்பில் தொகுத்தவர் என்று தன் பெயரைப் போடவில்லை, பாட்டுக்காரன் என்று பெயர் வாங்க அப்போது அவருக்கு விருப்பமில்லையாம்.

இரண்டாம் ஆல்டோ
தொழிலா என்று கேட்டீர்களே, பலருக்கு இல்லை. 'கும் ரோந்தா' போட்ட ஜான் ஹியூஸ் வேல்ஸில் ரயில்வே ஊழியர். 'அபெரிஸ்ட்வித்' போட்ட ஜோசப் பாரி ஒன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், அப்புறம் பென்சில்வேனியாவில் இரும்பு ஆலை, பிறகு அதே அபெரிஸ்ட்வித்தில் பேராசிரியர். அமெரிக்கப் பாடலாசிரியை ஃபேனி கிராஸ்பியின் வரிகளுக்கு நிறைய மெட்டு போட்ட டோன், மரவேலை இயந்திரங்கள் செய்யும் கம்பெனி நடத்தினார். வான் வில்லியம்ஸ் முழுநேர இசைக்காரர்தான், ஆனால் கடவுள் விஷயத்தில் அவருக்குத் தெளிவான நம்பிக்கை கிடையாது. 1906இல் ஓர் ஆலயப் பாட்டுப் புத்தகத்துக்கே இசை ஆசிரியராக இருந்தார் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

என்னால் சாதாரணமாகப் பாட முடியாத மெட்டு ஒன்று உண்டு. 1873இல் கடலில் மூழ்கிய கப்பலில் ஸ்பாஃபோர்ட் தன் நாலு மகள்களை இழந்தார், பிறகு 'இட் இஸ் வெல் வித் மை சோல்' என்ற பாட்டை எழுதினார். மெட்டு போட்ட ஃபிலிப் பிளிஸ் அதற்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார், 'வில் டு ஆவ்ர்'. 1876இல் மெட்டு அச்சானது, அதே வருஷம் டிசம்பர் 29 அன்று ஒஹையோவில் ரயில் பாலம் இடிந்து பிளிஸும் மனைவியும் இறந்துபோனார்கள்.

டெனர் வரிசை
உருக்கமான கதைகளில் கொஞ்சம் கவனம் வேண்டும் சிஸ்டர். இது உண்மை, சரி. ஆனால் 'ஈவன்டைட்' பற்றி, அந்த மெட்டைப் போட்ட மங்க் பத்து நிமிஷத்தில் எழுதினார் என்று ஒரு கதை, துக்கத்தில் மனைவியோடு சூரியன் மறைவதைப் பார்த்து எழுதினார் என்று இன்னொரு கதை. எந்தக் கதை பிடிக்கிறதோ அதைச் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்துவிடுகிறோம்.

ஆர்கன் மாணவன்
எல்லாருக்கும் நன்றி. நேற்று பயிற்சியில் 'அமேசிங் கிரேஸ்' வரிகளுக்கு 'செயின்ட் ஆன்' வாசித்துப் பார்த்தேன், இரண்டும் 8.6.8.6 தானே, அசை கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவது அடிக்குள் ஆல்டோ வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது, நிறுத்திவிட்டேன்.