காலையில் ஒன்று, மாலையில் ஒன்று: எடைக்கருவி காட்டும் கொழுப்புச் சதவீதத்தை நம்பலாமா?

கேள்வி (இளவேனில்):

வணக்கம். வெறுங்காலுடன் ஏறி நின்றால் எடையோடு கொழுப்புச் சதவீதத்தையும் காட்டும் கருவி ஒன்றை வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். காலையில் எழுந்தவுடன் 27 சதவீதம் என்று காட்டுகிற கருவி, அன்று மாலையே 24 என்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு நிற்க வேண்டிய கருவியோ 30ஐத் தாண்டிக் காட்டுகிறது. ஒரே பகலில் இவ்வளவு கொழுப்பு கரைந்துவிடாது என்பது எனக்கும் புரிகிறது. அப்படியானால் இக்கருவிகள் எதைத்தான் அளக்கின்றன? எந்த எண்ணை நம்புவது?

பதில் (மருதம்):

இக்கருவிகள் நேரடியாக அளப்பவை இரண்டே: உங்கள் எடையும், உடல் மின்னோட்டத்துக்குக் காட்டும் மறுப்பும் (மின்மறுப்பு). பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மாறுதிசை மின்னோட்டத்தை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், உடலுக்குள் செலுத்துகிறார்கள். உப்புகள் கரைந்த நீர் நிறைந்த தசையின் வழியே அது எளிதாகப் பாய்கிறது. கொழுப்பும் எலும்பும் அதற்கு நன்கு வழிவிடுவதில்லை. உயரத்தின் வர்க்கத்தை மின்மறுப்பால் வகுத்தால் கிடைக்கும் எண், உடலின் மொத்த நீரளவோடு நெருங்கி ஒத்துப்போவதை 1969இல் ஹாஃபர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். இன்றைய சமன்பாடுகள் பலவற்றுக்கும் அந்த எண்ணே அடித்தளம். அதனுடன் வயது, பாலினம், எடை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கொழுப்பற்ற நிறையில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்று கொண்டு, நீரிலிருந்து அந்த நிறையைக் கணக்கிட்டு, அதை எடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே கொழுப்பு. ஆகவே நீர்க்கணக்கில் நேரும் பிழை முழுவதும் கொழுப்பின் தலையில்தான் விழும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல்நீரைக் கருவி ஒரு லிட்டர் குறைத்து மதிப்பிட்டால், கொழுப்பற்ற நிறை சுமார் 1.4 கிலோ குறைந்துவிடும். கொழுப்பு 2 சதவீதப் புள்ளிகள் கூடிவிடும். உங்கள் காலை, மாலை வேறுபாட்டுக்கு இதுவே போதுமான விளக்கம் என்று கருதுகிறேன். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் இருக்கையில் கால்களில் நீர் இறங்குகிறது. கால்களின் மின்தடை குறைகிறது. உடனே கருவி தசை கூடியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

பதில் (நெய்தல்):

மருதம் கூறியதோடு முழுமையாக உடன்படுகிறேன். இரண்டு கருவிகள் முரண்படுவதற்கான காரணத்தை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பாதங்களில் மட்டும் மின்முனைகள் உள்ள கருவியில் மின்னோட்டம் ஒரு காலில் ஏறி, இடுப்பின் கீழ்ப்பகுதியைக் கடந்து, மறுகாலில் இறங்கிவிடுகிறது. வயிறு, மார்பு, கைகள் ஆகியவற்றைப் பற்றி அது சொல்வது முழுக்க ஊகமே. கைப்பிடிகளும் உள்ள கருவி உடல் முழுவதையும் தொடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கும் ஒரு சிக்கல் உண்டு: உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டிருக்கும் நடுவுடல், பருத்துக் குட்டையாக இருப்பதால், மொத்த மின்மறுப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கை மட்டுமே தருகிறது. மெலிந்து நீண்ட கைகால்களே எண்ணைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் அளப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் நீர் அருந்தினால் மின்மறுப்பு அநேகமாக மாறுவதில்லை. எடை மட்டும் கூடுகிறது. குடித்த நீரையும் கருவி கொழுப்பாகவே கணக்கில் எழுதிவிடுகிறது.

இவை தவிர, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சமன்பாட்டை வைத்திருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தை அளந்து உருவாக்கிய சமன்பாடு, உடல்வாகு வேறுபட்ட இன்னொரு கூட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. எனவே இரண்டு கருவிகளின் எண்களை ஒப்பிடுவதைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஒரே கருவியில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதையும் உண்பதற்கும் பருகுவதற்கும் முன், உடற்பயிற்சிக்கும் முன் அளந்து, பல வாரங்களின் போக்கைப் பாருங்கள். அந்தப் போக்குக்கு மதிப்பு உண்டு. தனியொரு நாளின் எண்ணுக்கு அவ்வளவு இல்லை. துல்லியமான மதிப்பு மருத்துவக் காரணத்துக்காகத் தேவைப்பட்டால் எக்ஸ்ரே கதிர்களால் உடலின் கொழுப்பையும் எலும்பையும் அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது.

இளவேனில்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஓர் ஐயம். என் தந்தையார் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர். அவரும் இதே கருவியில் எடை பார்க்கலாமா?

மருதம்:

வேண்டாம். மின்னோட்டம் மிகச் சிறியதே என்றாலும், பேஸ்மேக்கர் போன்ற மின்னணுக் கருவிகளை உடலுக்குள் பொருத்தியிருப்பவர்கள் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். சில கருவிகளில் மின்னோட்டம் இல்லாமல் எடையை மட்டும் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் அதை மாற்றி வைக்க ஒருநாள் மறந்துவிட நேரலாம். தந்தையாருக்குச் சாதாரண எடைக்கருவி ஒன்றைத் தனியே வாங்கி வைத்துவிடுங்கள்.