சிம்பிடியம் ஓர்க்கிட்: வெளியில் வைத்து நாலே நாளில் இலை வெளுத்துவிட்டது

ஸ்காபரோ பல்கனி:
ரொறொன்ரோவில் இருக்கிறேன். பூவோடு வாங்கிய சிம்பிடியம். மூன்று வருடமாக ஒரு மொட்டும் இல்லை, இலை மட்டும் புல்லுக்கட்டு மாதிரி. கோடையில் வெளியே விட்டால் பூக்கும் என்றார்கள். மே மாத விக்டோரியா தின விடுமுறையில் தெற்குப் பார்த்த பல்கனியில் வைத்தேன், கூடவே ஃபலனாப்சிஸ் என்ற இன்னொரு வகை ஓர்க்கிட்டும். நாலாம் நாள் மேல் இலைகளில் கடதாசி மாதிரி வெள்ளைத் திட்டு, ஓரம் மண்ணிறம். பூஞ்சணமா? மருந்து அடிக்கவா?

பழைய தோட்டக்காரி:
மருந்தைத் தொடாதீர்கள் தம்பி. திட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். காய்ந்திருக்கிறதா, நீர் கோத்து மெத்தென்று இருக்கிறதா?

ஸ்காபரோ பல்கனி:
காய்ந்துதான் இருக்கிறது அக்கா. இலை வளைந்து வெயிலைப் பார்க்கும் இடத்தில் மட்டும். அடியிலைகளில் ஒன்றும் இல்லை.

பழைய தோட்டக்காரி:
அப்போ வெயில் சுட்டதுதான். அழுகல் என்றால் கறுத்து, நாளுக்கு நாள் பரவும். இது பட்ட இடத்தோடு நிற்கும். திட்டு மறையாது, ஆனாலும் இலையை வெட்டாதீர்கள். மிச்சப் பச்சைதான் செடிக்குச் சாப்பாடு. குளிர்காலம் முழுக்க கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை நேரே மதிய வெயிலில் விட்டால் இப்படித்தான். இரண்டு கிழமை காலை வெயில் மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மதியம் இலையைத் தொட்டுப் பாருங்கள், கைக்குச் சுட்டால் நிழலுக்கு இழுங்கள்.

பூ விஷயத்தில் வெளிச்சம் பாதிதான். மொட்டு கட்ட வைப்பது ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் இரவுக் குளிர், 10 முதல் 13 பாகை. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோரும் பயந்து உள்ளே தூக்குவார்கள். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்! இரவு 5 பாகையை நெருங்கும்வரை விடுங்கள். உறைபனி மட்டும் படக்கூடாது.

ஃபலனாப்சிஸ் வேறு சாதி. இரவு 15 பாகைக்குக் கீழே போனால் தாங்காது, இன்றைக்கே உள்ளே எடுங்கள். ஜூன் கடைசியில் பார்க்கலாம். அப்போதும் சாடியைச் சற்றுச் சரித்து வையுங்கள், குருத்தில் மழைத்தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

மார்க்கம் வளவு:
உள்ளே எடுக்கும் நாளில் சாடியைக் கவிழ்த்து அடி ஓட்டைகளையும் பாருங்கள். போன வருடம் என் சாடிக்குள் ஓடில்லா நத்தை குடியிருந்தது. வந்த மொட்டுத் தண்டை ஒரே இரவில் தின்றுவிட்டது.

ஸ்காபரோ பல்கனி:
ஃபலனாப்சிஸை எடுத்தாயிற்று. பல்கனிக் கம்பியில் அம்மாவின் பழைய பருத்திச் சேலையைக் கட்டியிருக்கிறேன், மதியம் இலை சுடவில்லை. இனி செப்டம்பரில் "பாவம், குளிருது" என்று அம்மா சாடியை உள்ளே தூக்காமல் பார்க்க வேண்டும்.