தனுஷ்கோடியில் இரண்டு நாள்: நாடகத்துக்காக எதைப் பார்க்கலாம்?

கேள்வி:
1964 டிசம்பர் புயலை வைத்து நாடகம் போடுகிறேன். நடிகர்கள் எட்டுப் பேர், மேடையில் பொருள் எதுவும் கிடையாது. காற்று, மணல், தண்ணீர் எல்லாவற்றையும் உடம்பாலேயே காட்ட வேண்டும். அடுத்த வாரம் தனுஷ்கோடி போகிறேன். இடிந்த தேவாலயம் தவிர வேறு எதைப் பார்ப்பது?

பதில்:
நான் பாம்பன்காரன். தேவாலயத்தைப் படமெடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள், சுவரைத் தொட்டுப் பாருங்கள். பவளக்கல். அப்புறம், அங்கே குடிசைகளில் இருப்பவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் அள்ளுவதைப் பொறுமையாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் குடிக்கிற தண்ணீர்!

பதில்:
என் அப்பத்தா அந்த ராத்திரி தப்பியவர். பெரியவர்களிடம் எடுத்ததுமே புயலைப் பற்றிக் கேட்காதீர்கள். முந்தின நாள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். ரெக்கார்டர் முதல் நாள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
போய் வந்துவிட்டேன். சமையலில்தான் ஆரம்பித்தேன், நன்றி. அலை அடித்துப்போன பாசஞ்சர் ரயிலைப் பற்றிச் சொல்லும்போது அங்கே நான் பார்த்த ஒரு பாட்டியின் குரல் உயரவே இல்லை. கை மட்டும் மணலைத் தடவிச் சமப்படுத்திக்கொண்டே இருந்தது. எட்டுப் பேரும் இப்போது அந்தக் கையைத்தான் பழகுகிறோம்.