அச்சகத்துக்கு இணையத்தில் பக்கப் (காப்புப் பிரதி) வைப்பதா, இரண்டு டிஸ்க் போதுமா?

அச்சுக்கூடம்:
யாழ். நகரில் சின்ன அச்சகம். வடிவமைப்புக்கு மூன்று கணினி, முன்மேசையில் பில் போட ஒன்று. மொத்தத் தரவு 700 ஜிபி. இந்த வருட வேலைகள் 120 ஜிபி, பில்லிங் தரவுத்தளம் 3 ஜிபி, மிச்சமெல்லாம் பழைய கல்யாண அட்டை, கல்வெட்டு (இறந்தவர் நினைவுப் புத்தகம்), நோட்டீஸ். மாதம் 15 ஜிபி அளவில் கூடும். இப்போது இருப்பது ஒரேயொரு யூஎஸ்பி டிஸ்க், எந்நேரமும் செருகியபடி. ஃபைபர் இணைப்பு, அப்லோட் 10 எம்பிபிஎஸ். இணையத்தில் பக்கப் எடுப்பதென்றால் எதை எடுக்கலாம்?

சுன்னாகத்தான்:
இணையமே வேண்டாம். கணக்கைப் போட்டுப் பாருங்கோ. 10 எம்பிபிஎஸ் எண்டால் மணிக்கு 4.5 ஜிபி, அதுவும் தாளிலைதான். 4 எண்டு வையுங்கோ. 700 ஜிபிக்கு 175 மணித்தியாலம். பகலிலை ஏத்தேலாது, அப்லோட் நிரம்பினால் இறங்கிறதும் இழுபடும், வாட்ஸ்அப்பிலை வாற படம் கூடச் சுத்திக்கொண்டு நிக்கும். இரவு ஏழு மணித்தியாலம் மட்டும் எண்டால் 25 இரவு. 2 டிபி டிஸ்க் ரெண்டு வாங்குங்கோ. ஒண்டு கடையிலை, மற்றது வீட்டிலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மாத்துங்கோ. மாதக் காசும் இல்லை, டொலரும் இல்லை.

வடலி:
அண்ணை, 700ஐயும் ஏற்றச் சொல்லி யார் சொன்னது? இந்த வருட வேலையும் தரவுத்தளமும் 123 ஜிபி. உங்கள் கணக்கிலேயே 31 மணித்தியாலம், ஐந்து இரவு. இடையில் கரண்ட் நின்றாலும் நல்ல மென்பொருள் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குப் பிறகு போவது அன்றன்று மாறியது மட்டும். மாதம் 15 ஜிபியை 25 வேலைநாளாகப் பிரித்தால் நாளுக்கு 0.6 ஜிபி, பத்து நிமிட வேலை.

உங்கள் வெள்ளிக்கிழமைக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வியாழன் இரவு கடை உடைபட்டால் கடை டிஸ்க்கும் கணினியோடு போகும். வீட்டு டிஸ்க்கில் இருப்பது போன வெள்ளியின் தரவு. ஆறு நாள் வேலை போச்சு. மாற்றுகிற அந்த அரைமணி நேரம் இரண்டு டிஸ்க்கும் ஒரே மேசையில் கிடக்கும், அதையும் யோசியுங்கோ. செருகியபடியே இருக்கிற டிஸ்க்கைப் பக்கப் என்று சொல்லவே கூடாது. 2017 மே மாதம் வனாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ் வந்தபோது யாரும் எதையும் கிளிக் பண்ண வேண்டியிருக்கவில்லை. பழைய விண்டோஸ் கோப்புப் பகிர்வின் ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததுக்குத் தானாகவே போனது. பூட்டுகிற வைரஸுக்கு சி ட்ரைவும் யூஎஸ்பி ட்ரைவும் ஒன்றுதான்.

பனங்கொட்டை:
ரெண்டு பேரும் ஏன் காசு செலவழிக்கிறியள்? கூகுள் கணக்கு ஒண்டுக்கு 15 ஜிபி சும்மா. எட்டுக் கணக்குத் திறந்தால் 120 ஜிபி.

வடலி:
எட்டுப் பாஸ்வேர்ட், எட்டு மீட்பு எண். எந்தக் கல்வெட்டு எந்தக் கணக்கில் என்று தேட ஒரு ஆளை வேலைக்கு எடுக்க வேண்டும். இரண்டு வருடம் ஒரு கணக்கைத் தொடாமல் விட்டால் கூகுள் அதை அழிக்கலாம். 2023 டிசம்பரிலிருந்து அப்படித்தான்.

அதைவிடப் பெரிய விஷயம், கூகுள் ட்ரைவ், ஒன்ட்ரைவ் எல்லாம் ஒத்திசைவு. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். இங்கே கோப்பு பூட்டுப்பட்டால் பூட்டுப்பட்டதே மேலே ஏறும். கூகுள் ட்ரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு இல்லை. கல்வெட்டுக் கோப்பை 31ஆம் நாள் முடிந்ததும் யாரும் திறப்பதில்லை. தவறி அழிந்தது தெரிய வருவது ஆண்டுத்திவசத்துக்கு அட்டை அடிக்க அந்த வீட்டார் வரும்போதுதான். பதினொரு மாதம் கழித்து.

நிலாவரை:
பில்லிங் தரவுத்தளத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. 3 ஜிபிதான், ஆனால் கடன்காரர் பட்டியல் அதற்குள்தான் இருக்கும். இந்தப் பக்கத்து பில்லிங் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இருப்பது மைக்ரோசொஃப்டின் இலவசத் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ். தரவெல்லாம் கிடக்கும் அதன் எம்டிஎஃப் கோப்பு, சேவை ஓடும்போது பூட்டியே இருக்கும். ஒத்திசைவு மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடலாம். வேறு வழியில் பிரதி எடுத்தாலும் பாதி எழுதிய நிலையில் எடுபட்டால் திரும்பத் திறக்காது.

எக்ஸ்பிரஸ் பதிப்பில் தானியங்கி வேலைகளுக்கான ஏஜென்ட் கிடையாது. ஆகவே விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட வேண்டும். கடை பூட்டியதும், இரவு 7.30 என்று வைப்போம், எஸ்க்யூஎல் கட்டளை வழியாக முழுப் பக்கப் ஒன்றை டி ட்ரைவில் தனிப் போல்டருக்கு எடுக்கச் சொல்லுங்கள். பெயரில் திகதி இருக்கட்டும். செக்சம் (கோப்பு பழுதா என்று பார்க்கும்) தெரிவையும் சேருங்கள். 14 நாளுக்குப் பழையதை அழிக்கட்டும். இணையத்துக்குப் போக வேண்டியது அந்தப் பக்கப் கோப்பு, எம்டிஎஃப் அல்ல.

பிழைக்கும் இடங்கள் மூன்று. அந்தப் போல்டரில் எழுதுவது நீங்கள் அல்ல, எஸ்க்யூஎல் சேவையின் கணக்கு. அதற்கு அனுமதி கொடுக்காவிட்டால் 'எக்சஸ் டினைட்' என்று நிற்கும். டாஸ்க்கை 'பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு' என்று வைக்காவிட்டால், காசாளர் லொக்ஓஃப் பண்ணிய நாளில் ஓடாது. மூன்றாவது, கணினி நள்ளிரவில் ஸ்லீப்புக்குப் போய்விடும், அப்லோட் தொடங்கவே தொடங்காது. இந்த மூன்றாவதுதான் அதிகம் நடப்பது.

சுன்னாகத்தான்:
நிலாவரை சொன்னது சரி, ஆனால் அது டிஸ்க்குக்கும் பொருந்தும்.

வடலி தம்பிக்கு ரெண்டு விஷயம். ஒண்டு, அந்த 0.6 ஜிபி கணக்கு அச்சகத்துக்கு வராது. நாங்கள் வடிவமைக்கிற கோரல் மென்பொருளிலை எக்ஸ்4 பதிப்புத் தொடக்கம் அதின்ரை கோப்பு உள்ளுக்கை ஸிப், சுருக்கிக் கட்டின பொதி. ஒரு பேரை மாத்திச் சேமிச்சாலும் கோப்பின்ரை பெரும்பகுதி புதிசு மாதிரித் தெரியும், 200 எம்பியும் திரும்ப ஏறும். பழைய வேலையைத் திறந்து திருத்திறதுதானே அச்சகத்திலை பாதி வேலை.

ரெண்டாவது, பாமினி எழுத்துரு. நீங்கள் கோப்பை மட்டும் ஏத்துறியள். புதுக் கணினியிலை இறக்கித் திறந்தால் தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கும், ஏனெண்டால் பாமினியிலை அடிச்சது அடியிலை ஆங்கில எழுத்துத்தான். அதே விசைப்பலகையிலை வேலை செய்யிற வேறை எழுத்துருவைப் போட்டால் வாசிக்கலாம், ஆனால் எழுத்தின்ரை அகலம் மாறும், வரி உடையும், 16 பக்கக் கல்வெட்டு 17ஆம் பக்கத்துக்குத் தள்ளும். பேந்து தேவாரத்திலை இருந்து திரும்பப் பக்கம் கட்டவேணும். என்ரை வழியிலை முழு டிஸ்க்கையும் இமேஜ் எடுக்கிறது, விண்டோஸும் சேர அப்பிடியே ஒரு பிரதி. அதுக்கு வீம் ஏஜென்ட் மென்பொருளின்ரை இலவசப் பதிப்பு காணும். எழுத்துரு, கோரல், பிரிண்டர் ட்ரைவர் எல்லாம் போட்டபடியே திரும்பி வரும். உங்கடை இணையம் அதைத் தருமோ?

வடலி:
எழுத்துரு விஷயத்தில் அண்ணைக்கு முழுப் புள்ளி. விண்டோஸில் எழுத்துரு இரண்டு இடத்தில் இருக்கும்: விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ், அதோடு பயனரின் ஆப்டேட்டாவுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்று. புதிய விண்டோஸில் இரண்டு முறை கிளிக் பண்ணி நிறுவினால் இரண்டாவதுக்குத்தான் போகும். இரண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். முடிந்த வேலைக்கு கோரலின் 'கலெக்ட் ஃபோர் அவுட்புட்' செய்தால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து ஒரே போல்டரில் விழும். எழுத்தைக் கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிய பிடிஎஃப் ஒன்றும் பக்கத்தில் கிடக்கட்டும்.

கோரல் கோப்பு திரும்ப ஏறுவதும் உண்மை. நாளுக்கு 3 ஜிபி என்றே வைப்போம். இரவில் 45 நிமிடம். அதற்கு மேல் இல்லை, ஏனென்றால் பகலில் பத்துத் தடவை சேமித்தாலும் இரவில் ஒரு தடவைதான் போகிறது.

இனி எது என்று கேட்ட கேள்வி. 'ஒரு கணினிக்கு அளவில்லாமல்' என்று விற்கும் பக்பிளேஸ் தனிநபர் சேவை, வலையமைப்பில் இருக்கும் பொதுச் சேமிப்பு ட்ரைவை எடுக்காது. நான்கு கணினிக்கு நான்கு சந்தா. அதைவிட அவர்களுடைய பி2 சேமிப்பு. 2023 அக்டோபரில் டிபிக்கு மாதம் 6 டொலர் ஆக்கினார்கள், முதல் 10 ஜிபிக்குக் காசில்லை. பழைய பதிப்புகளும் சேர 200 ஜிபிக்குப் போனாலும், அந்த விலையில், டொலர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 350 ரூபா வராது. ஒரு கொத்துரொட்டிக்கும் காணாது. திருப்பி இறக்க, வைத்திருப்பதன் மூன்று மடங்கு வரை கட்டணம் இல்லை. வாசாபி என்ற மற்றச் சேமிப்புச் சேவையில் 1 டிபிக்குக் குறைவாக வைத்தாலும் 1 டிபிக்கான காசு.

பக்கப் எடுத்து அங்கே ஏற்றும் மென்பொருள் கோபியா, இலவசம். பி2இல் வாளியை (கோப்புகள் போய்ச் சேரும் இடம், பக்கெட்) திறக்கும்போதே ஒப்ஜெக்ட் லொக்கை (குறித்த நாள்வரை அழிக்கவிடாத தெரிவு) இயக்கி, கோபியாவில் 30 நாள் என்று வையுங்கள். அந்த 30 நாளும் கோபியாவின் சாவியைத் திருடினாலும் அழிக்க முடியாது. இது தவிர, கோப்புகள் கடையை விட்டு வெளியேற முன்னமே கோபியா அவற்றை ஒரு பாஸ்வேர்ட்டால் பூட்டும் (என்கிரிப்ஷன்). வாடிக்கையாளரின் முகவரி, படம் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அந்தப் பூட்டு அவசியம்.

சுன்னாகத்தான்:
அந்தப் பூட்டின்ரை பாஸ்வேர்ட்டைத் துலைச்சால்?

வடலி:
துலைஞ்சது துலைஞ்சதுதான். கோபியாக்காரராலும் திறக்க முடியாது. தாளில் எழுதி இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். கணினியில் அல்ல, கடையிலும் அல்ல. பி2 கணக்கு முதலாளியின் மின்னஞ்சலில் இருக்கட்டும், வேலைக்கு நிற்கும் பெடியனின் மின்னஞ்சலில் வேண்டாம். இரண்டாம் படி உறுதிப்படுத்தலுக்கு வரும் மீட்புக் குறியீடுகளும் அதே தாளில்.

சுன்னாகத்தான்:
பி2க்குக் காசு கட்டுற பாங்க் காட் காலாவதியானால் காசு வெட்டுப்படாது, கொஞ்ச நாளிலை கணக்கே முடங்கும். அறிவித்தல் மின்னஞ்சல் ஒருத்தரும் திறக்காத பெட்டிக்குப் போகும். அதையும் எழுதுங்கோ.

வடலி:
எழுதினேன். காட் முடிகிற மாதத்தைக் கடைக் கலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

நிலாவரை:
இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெட்டத் தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு கணினியின் டிஸ்க் பழுதானால் அண்ணையின் இமேஜிலிருந்து ஒரு பின்னேரத்துக்குள் கடை ஓடும். இணையத்திலிருந்து 123 ஜிபி இறக்க, 50 எம்பிபிஎஸ் என்றாலும் ஐந்தரை மணித்தியாலம், அதற்கு முதல் விண்டோஸ், கோரல் நிறுவ வேண்டும். கடையே போனால் தம்பியின் வழி மட்டும்தான் நேற்றைய தரவைத் தரும். 580 ஜிபி பழையது இரண்டு டிஸ்க்கிலும் இருந்தால் போதும், அது மாறுவதில்லை.

வீமில் 'பக்கப் முடிந்ததும் டிஸ்க்கை வெளியேற்று' என்றொரு தெரிவு இருக்கிறது. அதைப் போடுங்கள். கேபிள் செருகியிருந்தாலும் விண்டோஸுக்கு டிஸ்க் தெரியாது. ஆனால் இடி மின்னலுக்கு அது உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் கேபிளையும் கழற்றுங்கள்.

அச்சுக்கூடம்:
அப்படியென்றால் இப்படிச் செய்யப் போகிறேன். வீம் இமேஜ் இரண்டு டிஸ்க்கில் மாறி மாறி. கோபியா வழியாக 120 ஜிபி, பில்லிங் பக்கப், இரண்டு எழுத்துருப் போல்டர். இரவு 12.30க்குத் தொடக்கம். வேறு என்ன?

நிலாவரை:
மாதம் ஒருமுறை இணையத்திலிருந்து ஐந்து கோப்பை வேறொரு கணினியில் இறக்கித் திறந்து பாருங்கள். ஒன்று பில்லிங் பக்கப்பாக இருக்க வேண்டும். அதை வேறு பெயரில் மீட்டு, கடைசி பில் இலக்கம் சரியா என்று பாருங்கள். ஒன்று பாமினிக் கல்வெட்டாக இருக்கட்டும், பாமினி நிறுவாத கணினியில், மீட்ட எழுத்துருவைப் போட்டு.

சுன்னாகத்தான்:
டிஸ்க்கிலை 'அ', 'ஆ' எண்டு பெரிசா ஒட்டுங்கோ. இல்லாட்டி ஒரு வெள்ளிக்கிழமை கடையிலை இருந்ததையே வீட்டை கொண்டுபோய் அடுத்த வெள்ளி அதையே திரும்பக் கொண்டுவருவியள். வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகிப் பக்கப் முடிஞ்ச பிறகு மற்றதைப் பையிலை வைக்கிறதெண்டால் தம்பி சொன்ன ஒரே மேசைப் பிரச்சினை வரும். முதல் 'அ'வை வீட்டை அனுப்பிப்போட்டு, அடுத்த நாள் காலமை 'ஆ'வைக் கொண்டுவாங்கோ.

வடலி:
அதைத்தான் அண்ணை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.