மின்கழிவுப் பெட்டியில் எதுவும் விழவில்லை, யோசனை சொல்லுங்கள்

கும்பகோணத்தில் 45 பேர் வேலை பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. மின்கழிவைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பு என் தலையில். நான்கு மாதமாகியும் வேலை நகரவில்லை.

பொங்கல் முடிந்ததும் வாசலில் ஒரு பெட்டி வைத்தேன். இதுவரை விழுந்தது 3 சார்ஜர், ஒரு மவுஸ், அப்புறம் யாரோ போட்ட டீ கப். வாட்ஸ்ஆப்பில் நினைவூட்டினேன், கட்டைவிரல் மட்டும் வந்தது. வீட்டில் கிடக்கும் செல்போன், டிவி எல்லாம் காயலான் கடைக்கே போகின்றன. அங்கே கையில் காசு கிடைக்கிறதே! செம்புக்காக வயரை அரசலாற்றங்கரையில் எரிப்பதை நானே பார்த்தேன், அந்த நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

அலுவலகத்தில் இருப்பது 6 கணினி, 2 பழைய குழாய் மானிட்டர். மானிட்டர் கண்ணாடியில் ஈயம் உண்டு, அதனால் உடைக்க விடவில்லை. யுபிஎஸ் பேட்டரிக்கு விதிகள் தனி. விற்ற கடைக்காரரே எடுத்துக்கொண்டார். மற்றதை, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் தரப்போகிறோம். விசாரித்தால், இவ்வளவு குறைந்த சரக்குக்கு வண்டி வராது என்கிறார்கள். ஊழியர்கள் வீட்டுச் சாமானும் சேர்ந்தால்தான் கணக்குக்கு வரும்.

காயலான் கடைக் காசை விட்டுவிட்டு ஊழியர்கள் தாங்களாகக் கொண்டுவர, உங்கள் அலுவலகத்தில் எது பலித்தது?